சேத்தக்கா, துருவா, பிரசண்டா? அம்மான் சாந்திக்கு ஒரு கட்டை ஹெலிகாப்டர்

வரும் தை மாதம் எங்கள் அம்மானுக்குச் சாந்தி. அறுபது நிறைகிறது. கானாடுகாத்தான் வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்குப் போனவர்களின் வீட்டில் பிறந்து கடற்படைக்குப் போன ஒரே ஆள் அவர். கொச்சியில் ஐ.என்.எஸ். கருடா விமானதளத்தில் சேத்தக் ஹெலிகாப்டர்களைப் பழுதுபார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தார். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், ஐயாக்களின் படங்கள் வரிசையாகத் தொங்கும் சுவரில், ஒரு ஹெலிகாப்டரின் கண்ணாடி மூக்கில் கைவைத்தபடி அவர் நிற்கும் படமும் இருக்கிறது.

வெள்ளித் தட்டும் பட்டு வேட்டியும் எல்லோரும் கொண்டுவருவார்கள். நானும் என் ஆச்சி (அக்கா) மகனும் வேறு ஒன்று யோசித்தோம். அவன் ஒன்பதாம் வகுப்பு. ஐந்து வயதிலிருந்து லெகோ கட்டுகிறவன். அம்மானுக்கு ஒரு ராணுவ ஹெலிகாப்டரை லெகோக் கட்டையில் நாங்களே வடிவமைத்துக் கட்டிக் கொடுப்பது என்று தீர்மானித்தோம். தீர்மானித்த பிறகுதான் தெரிந்தது, எதைக் கட்டுவது, எந்த அளவில், எந்தக் கட்டையில் என்று ஒவ்வொன்றுக்கும் நாலு வழி இருக்கிறது. இரண்டு மாதமாக ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இதே ஆசை உள்ள வேறு யாருக்காவது அந்தக் கணக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

செட்டாகவே வாங்கினால் என்ன?

முதலில் எல்லோரும் கேட்பது இதைத்தான். லெகோ நிறுவனம் நிஜமான, இன்று பயன்பாட்டில் உள்ள போர் வாகனங்களைச் செட்டாகப் போடுவதில்லை என்று கொள்கை வைத்திருக்கிறது. 2020இல் வி-22 ஆஸ்ப்ரே விமானத்தை மீட்பு விமானமாக நிறம் மாற்றி டெக்னிக் வரிசையில் தயாரித்தார்கள். ஜெர்மனியில் அமைதி இயக்கத்தினர் எதிர்த்தார்கள். கடைக்கு வரும் நேரத்தில் நிறுவனம் அதை விலக்கிக்கொண்டது. குழந்தைகளுக்குப் பொருள் செய்கிறவர்கள் அப்படி ஒரு கோடு போட்டுக்கொள்வது எனக்குச் சரி என்றே படுகிறது. அதனால்தான் ராணுவ ஹெலிகாப்டர் வேண்டும் என்றால் அவரவர் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போலந்தின் கோபி நிறுவனம் வேறு மாதிரி. ராணுவச் செட்டுகளுக்கே பேர்போனது. சினூக், அப்பாச்சி ஹெலிகாப்டர் இரண்டையும் 1:48 அளவில், அதாவது நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்காக, போட்டிருக்கிறது. நம் விமானப்படையும் இந்த இரண்டையும் 2019இல் சேர்த்துக்கொண்டது. சினூக் மார்ச்சில் சண்டிகரில், அப்பாச்சி செப்டம்பரில் பதான்கோட்டில். இவற்றில் ஒன்றுதான் வேண்டும் என்றால் அந்தச் செட்டை வாங்கி, அமெரிக்க அடையாளத்தை எடுத்துவிட்டு மூவண்ண வட்டத்தை ஒட்டிக்கொள்ளலாம். பாதி வேலை மிச்சம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

இன்னொரு வழி, லெகோ 2022இல் விட்ட ஏர்பஸ் எச்175 மீட்பு ஹெலிகாப்டர். 2001 துண்டுகள் கொண்ட டெக்னிக் செட். அதை வாங்கி உருமாற்றலாமா என்று ஆச்சி மகன் கேட்டான். இதில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி உண்டு. சேத்தக் என்பது பிரான்சின் சூட் ஏவியேஷன் வடிவமைத்த அலுவெட் 3. 1962இல் ஒப்பந்தம் போட்டு எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) இங்கே தயாரித்தது. அந்த சூட் ஏவியேஷன்தான் பிறகு ஏரோஸ்பாசியல், யூரோகாப்டர் என்று மாறி இன்றைக்கு ஏர்பஸ் ஹெலிகாப்டர்ஸாக இருக்கிறது. ஆக எச்175 சேத்தக்குக்குப் பங்காளி. ஆனால் பங்காளி என்பதற்காக முகம் ஒத்துப்போய்விடாது. டெக்னிக் என்பது எலும்பும் பல்சக்கரமும், மேல்தோல் குறைவு. மோட்டார் சுற்ற வேண்டும், கியர் மாற வேண்டும் என்பவர்களுக்கு அதுதான் சரியான வழி. படத்தில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட ஹெலிகாப்டர் கண்முன் வரவேண்டும் என்பவர்களுக்கு அது உதவாது. விட்டுவிட்டோம்.

மூன்று ஹெலிகாப்டர், மூன்று மூக்கு

கடைசியில் மூன்று பேர் தேறினார்கள். சேத்தக், துருவ், பிரசண்ட். மூன்றும் எச்.ஏ.எல். தயாரிப்பு.

ஆச்சி மகனுக்குப் பிரசண்ட் மேல்தான் கண். கார்கில் போரில் அவ்வளவு உயரத்தில் சண்டையிட நம்மிடம் ஹெலிகாப்டர் இல்லையே என்ற குறையிலிருந்து பிறந்தது அது. 2010 மார்ச் 29 அன்று முதலில் பறந்தது. 2022 அக்டோபர் 3 அன்று ஜோத்பூரில் விமானப்படையில் சேர்ந்தது. ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டு விமானிகள், ஒடுங்கிய உடம்பு, மூக்கின் கீழே 20 மி.மீ. துப்பாக்கி. கட்டைக்காரனின் கண்ணோடு பார்த்தால் இது வரம். காக்பிட் கண்ணாடி தட்டையான பலகை பலகையாக மடிகிறது. உடம்பும் பட்டை தீட்டியதுபோலச் சாய்வு சாய்வாக இருக்கிறது. சாய்வுக் கட்டையும் கீல் பிளேட்டும் இருந்தால் அந்த முகம் வந்துவிடும். 4 குமிழ் (கட்டையின் மேலே இருக்கும் புடைப்பு) அகலத்துக்குள் ஒரு லெகோ பொம்மை ஆள் கச்சிதமாக உட்காருவான். காற்றாடிக்கு நான்கு இறக்கை. கட்டையின் செங்கோணத்துக்கு நான்கு எப்போதும் இணக்கம்.

துருவ் 1992 ஆகஸ்ட் 20 அன்று முதலில் பறந்தது. கோயம்புத்தூர் பக்கம் சூலூரைத் தளமாகக் கொண்ட சாரங் சாகசக் குழு ஓட்டுவது இதைத்தான். உடம்பெல்லாம் மயில் வரைந்திருக்கும். ஒரு சாரங் துருவைக் கட்டிக் கொலுவில் வைத்தால் பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது. ஆனால் துருவின் மூக்கு இரண்டு பக்கமும் வளையும். மேலிருந்து கீழாகவும் வளையும், இடமிருந்து வலமாகவும் வளையும். கட்டைக்கு ஒரு பக்க வளைவு பழக்கம். இரண்டு பக்க வளைவு என்றால் சின்னச் சின்ன வளைவுத் துண்டுகள் நிறைய வேண்டும். அவ்வளவு போட்டும் தள்ளி நின்று பார்த்தால்தான் துருவ். பக்கத்தில் வந்தால் படிக்கட்டு.

சேத்தக்? அது ஒரு கண்ணாடிக் குமிழி. முன்பாதி முழுக்கக் கண்ணாடி, இடையில் மெல்லிய சட்டங்கள். பின்னால் ஒடுங்கிப் போகும் வால். காற்றாடிக்கு மூன்று இறக்கை. மூன்றில் கட்டைக்கு மிகக் கடினமானது இதுதான் என்று பேப்பரில் எழுதிப் பார்த்தபோதே தெரிந்தது.

பேப்பரோடு நிறுத்தாமல் ஒரு பரீட்சை வைத்தோம். முழு ஹெலிகாப்டர் வேண்டாம், மூக்கு மட்டும். வீட்டில் இருந்த பழைய கட்டைகளைக் கல்யாணத்துக்குச் சாமான் பரப்புவதுபோலப் பட்டாலையில் பரப்பினோம். நிறம் பார்க்காமல் சிவப்பு, மஞ்சள், நீலம் எது கைக்கு வந்ததோ அதை வைத்து மூன்று மூக்கு கட்டினோம். மூன்றையும் மூன்று ஓலைக் கொட்டானில் வைத்து, ஹெலிகாப்டர் பற்றி எதுவும் தெரியாத ஆத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். பிரசண்ட் மூக்கைப் பார்த்து "இது ஏதோ பூச்சி மாதிரி இருக்கு" என்றார். துருவைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது கொட்டானைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தம்பி படத்துல இருக்கிறதுல்ல?" என்றார்.

அந்தச் சேத்தக் மூக்குதான் மூன்றிலும் மோசமாக வந்திருந்தது. கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் பாதி ஓட்டை. இருந்தும் அடையாளம் தெரிந்தது. ஹெலிகாப்டரை இன்னது என்று காட்டிக்கொடுப்பது மூக்குதான் என்று அன்றைக்கு எனக்கு உறுதியானது. முழுசாகக் கட்ட இறங்குவதற்கு முன் மூக்கை மட்டும் கட்டிப் பார்த்துவிடுங்கள். ஒரு சாயங்கால வேலை. பல வாரத்தை மிச்சப்படுத்தும்.

சேத்தக்கின் பக்கம் இன்னொரு நியாயமும் சேர்ந்தது. துருவிலும் பிரசண்டிலும் எஞ்சின் மூடிக்குள் ஒளிந்திருக்கும். சேத்தக்கில் அர்டூஸ்ட் டர்பைன் எஞ்சின் கூரைமேல், காற்றாடித் தண்டுக்குப் பின்னால், மூடியில்லாமல் திறந்தே கிடக்கும். குழாய், உருளை, வளையம், தாங்குகம்பி எல்லாம் வெளியில் தெரியும். உருண்டைக் கட்டை, குழாய்த் துண்டு, சின்னக் கிளிப் எல்லாவற்றுக்கும் அங்கே வேலை இருக்கிறது. அதைவிட முக்கியம், அம்மான் இத்தனை வருடம் கைவைத்த இடம் அதுதான். கட்டை ஹெலிகாப்டரைக் கையில் வாங்கியதும் அவர் கண் மூக்குக்குப் போகாது, எஞ்சினுக்குத்தான் போகும்.

ஆக எங்களுக்குச் சேத்தக். ஆனால் வீட்டில் சேத்தக்கோடு உறவுள்ள ஆள் யாரும் இல்லை, முதல் முறையாக ராணுவ ஹெலிகாப்டர் கட்டுகிறீர்கள் என்றால் பிரசண்டைத்தான் சொல்வேன். உழைப்புக்கு ஏற்ற பலன் அதில் உடனே தெரியும். சின்னப் பிள்ளைகள் கையில் எடுத்து விளையாட என்றால் துருவ். உடம்பு பருமன், ஓரளவு விழுந்தாலும் தாங்கும், உள்ளே ஆட்களை ஏற்றலாம்.

எவ்வளவு பெரிது

லெகோக் கட்டையில் ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மி.மீ. கட்டையின் உயரம் 9.6 மி.மீ., பிளேட்டின் உயரம் அதில் மூன்றில் ஒன்று, 3.2 மி.மீ. பொம்மை ஆள் சுமார் 4 செ.மீ. உயரம். ஐந்தடி ஏழு அங்குல மனிதர் அந்த ஆளாகச் சுருங்கினால் ஏறக்குறைய 1:40 என்று வருகிறது. அளவைத் தீர்மானிக்க இது ஒரு நல்ல தொடக்கம்.

சேத்தக்கின் காற்றாடி விட்டம் 11.02 மீட்டர், உடம்பு ஏறத்தாழ 10 மீட்டர். 1:40 என்றால் காற்றாடி 27.5 செ.மீ., உடம்பு 25 செ.மீ. எங்கள் பட்டாலைத் தரையில் இருக்கும் ஆத்தங்குடிக் கல் எட்டு அங்குலம். ஒரு கல்லைத் தாண்டி அடுத்த கல்லில் கொஞ்சம் ஏறும். துருவின் காற்றாடி 13.2 மீட்டர், அதே அளவில் 33 செ.மீ. ஆசைக்குச் சினூக்கையும் கணக்குப் போட்டோம். காற்றாடி இரண்டும் சுழலும்போது முனைக்கு முனை 30 மீட்டர். 1:40இல் முக்கால் மீட்டர். கிட்டத்தட்ட நாலு கல் நீளம். அதை வைக்க அலமாரி இல்லை, தனி மேசை வேண்டும்.

1:32க்குப் போனால் விவரம் நன்றாக வரும் என்று ஆச்சி மகன் வாதாடினான். வரும்தான். ஆனால் அளவு கால் பங்கு கூடினால் மேல்கூட்டுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் கட்டை வேண்டும். உள்ளும் நிறைத்துக் கட்டினால் ஏறக்குறைய இரட்டிப்பு. செலவும் அப்படியே. பொம்மை ஆளும் அதற்குள் குள்ளமாகத் தெரிவான். 1:48இல் கட்டை குறையும், ஆனால் இரண்டு பொம்மை ஆட்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்க இடம் போதாது. சேத்தக்கில் விமானிகள் பக்கம் பக்கமாகத்தான் உட்கார வேண்டும். 1:40 என்று முடித்தோம். உடம்பு 8 குமிழ் அகலம்.

இரட்டைப்படை அகலத்தில் ஒரு சிக்கல் உண்டு. நடுக்கோடு இரண்டு குமிழுக்கு இடையில் விழும். மூக்குச் சக்கரமும் காற்றாடித் தண்டும் நடுவில் வர வேண்டும். நடுவில் ஒரே குமிழ் உள்ள ஜம்பர் பிளேட்டை அந்த இடங்களில் போட்டால் தீர்ந்துவிடும். சின்ன விஷயம்தான், ஆனால் தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். பாதி கட்டிய பிறகு நடுக்கோட்டை நகர்த்த முடியாது.

கண்ணாடி

எங்களை அதிகம் யோசிக்கவைத்தது இந்தக் கண்ணாடிதான். மூன்று வழி பார்த்தோம்.

முதல் வழி, அச்சில் வார்த்த பெரிய கண்ணாடித் துண்டு. விமானச் செட்டுகளில் வரும் வளைந்த முகப்புக் கண்ணாடி. ஒன்றை மாட்டினால் முகம் உடனே வந்துவிடும், பளபளப்பாகவும் இருக்கும். குறை என்னவென்றால் அந்தத் துண்டு எந்த அகலத்தில், எந்த வளைவில் இருக்கிறதோ அதற்கு ஏற்றபடி முழு ஹெலிகாப்டரும் வளைந்து கொடுக்க வேண்டும். நாம் அளவைத் தீர்மானித்துக் கண்ணாடி தேடுவதைவிட, கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அளவைத் தீர்மானிப்பதுதான் புத்திசாலித்தனம் என்று இதில் கற்றுக்கொண்டோம். பிரசண்டும் துருவும் கட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது வழி, சின்னச் சின்ன நிறமற்ற கட்டைகளையும் சாய்வுகளையும் அடுக்குவது. எந்த வடிவமும் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு கோடு தெரியும், குமிழ்களும் உள்ளிருந்து தெரியும். கண்ணாடிபோல இருக்காது, ஐஸ்கட்டி அடுக்கியதுபோல இருக்கும். எங்கள் முதல் மூக்கு இப்படித்தான்.

மூன்றாவது வழி எனக்கு முதலில் நம்பிக்கை தரவில்லை. கண்ணாடியே போடாமல், 3.2 மி.மீ. கனமுள்ள கம்பித் துண்டுகளையும் கிளிப்புகளையும் வைத்துச் சட்டத்தை மட்டும் கட்டுவது. பார்க்கிறவர் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். கட்டி வெயிலில் வைத்துப் பார்த்தோம். சேத்தக்கின் அடையாளமே அந்த மெல்லிய சட்டங்கள்தானே, அதனால் உருவம் அப்படியே எழுந்து நின்றது. உள்ளே இருக்கும் இருக்கை, கைப்பிடி, பொம்மை விமானி எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. தூசு விழும் என்பது ஒன்றுதான் குறை.

முடிவில் இரண்டைக் கலந்தோம். மேல்பாதி முகப்புக்கு வார்த்த கண்ணாடி ஒன்று. கால் பக்கமும் கதவுப் பக்கமும் கம்பிச் சட்டம். பக்கச் சுவருக்குக் கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பி, குமிழ் வெளிப்பக்கம் பார்க்கவைத்துக் கட்டினோம். ஐந்து பிளேட்டின் உயரம் 16 மி.மீ.; இரண்டு குமிழின் அகலமும் 16 மி.மீ. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் நிமிர்ந்த கட்டையும் சாய்ந்த கட்டையும் இடைவெளி இல்லாமல் ஒன்றோடு ஒன்று பொருந்தும். மேலே குமிழ் இல்லாத, வழவழப்பான டைல் துண்டு போட்டு மூடிவிட்டால் குமிழே தெரியாது. குமிழ் தெரிந்தால்தான் கட்டைக்கு அழகு என்பார்கள் சிலர். வீடு, கோட்டை என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். பறக்கிற ஒன்றுக்கு வழவழப்புதான் அழகு. ஆனால் எஞ்சின் பக்கம் மட்டும் குமிழ்களை அப்படியே விட்டிருக்கிறோம். இரும்பு ஆணித்தலைபோல அங்கே அவை பொருந்துகின்றன.

கட்டை எங்கே வாங்குவது

பொம்மை இறக்குமதிக்கான சுங்கவரியை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள். 2023இல் 70 ஆனது. வெளிநாட்டுக் கடைகளிலிருந்து உதிரியாகக் கட்டை வரவழைக்க நினைக்கிறவர்கள் துண்டு விலையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. தபால் செலவும் வரியும் சேர்ந்தால் கணக்கே மாறிவிடும். இருபது கடைகளில் இருபது சில்லறை ஆர்டர் போடுவதைவிட, ஒரே கடையில் பெரும்பகுதி கிடைக்கும்படி வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வது லாபம்.

மலிவான மாற்றுக் கட்டைகளும் கிடைக்கின்றன. எல்லாமே மட்டம் என்று சொல்ல மாட்டேன். நல்ல பிடிமானமுள்ளவையும் உண்டு. ஆனால் நாங்கள் ஒரு கடையில் கிலோக் கணக்கில் வாங்கிய ஒரு மூட்டையில் கண்ணாடித் துண்டுகள் எல்லாம் கீறலோடு வந்தன. பிளேட்டுகளில் சில இறுக்கம், சில தளர்ச்சி. அதை வைத்துக் கட்டிய வால் ராத்திரி தானாகக் கழன்று விழுந்திருந்தது. அதன்பிறகு ஒரு பங்கீடு வைத்துக்கொண்டோம். பாரம் தாங்கும் இடத்துக்கும் கண்ணாடிக்கும் அசல் லெகோ; வெளியில் தெரியாத வயிற்றுப் பகுதிக்கு மாற்றுக் கட்டை. இந்தப் பங்கீடு இதுவரை ஏமாற்றவில்லை.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய கட்டையைப் பயன்படுத்தலாம், ஆனால் சாம்பல் நிறத்தில் கவனம். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களை நீலம் கலந்த சாம்பலாக மாற்றியது. பழையதும் புதியதும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் இருந்தால் ஒட்டுப்போட்டதுபோலத் தெரியும். அம்மான் படத்தில் ஹெலிகாப்டர் சாம்பல் நிறம். அதனால் புதிய சாம்பலையே எடுத்தோம். சாம்பல் எங்களுக்கு அதிர்ஷ்டம்தான். அதில் கிடைக்காத வடிவம் குறைவு. பிரசண்டின் புள்ளி உருமறைப்புக்கு வேண்டிய பச்சைகளில் எல்லாத் துண்டும் வராது. ஆச்சி மகன் அதைக் கேட்டபோதுதான் பிரசண்டை முழு மனதோடு விட்டுக்கொடுத்தான்.

காற்றாடியும் வாலும்

மூன்று இறக்கைக்கு 120 பாகை வேண்டும். குமிழ்களை நம்பி இதைச் செய்ய முடியாது. மூன்று அச்சு மூன்று பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் டெக்னிக் துண்டு ஒன்று இருக்கிறது. அது கிடைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. ஒவ்வொரு இறக்கையும் சுமார் 16 குமிழ் நீளம். பிளேட்டையும் டைலையும் இணைப்பு மாறி மாறி விழும்படி இரண்டு அடுக்காகக் கட்டினால் நிற்கிறது. நுனி கொஞ்சம் தொங்கும். தொங்கட்டும், நிற்கும் ஹெலிகாப்டரில் நிஜ இறக்கையும் தொங்கித்தான் இருக்கும்.

வாலுக்குள் ஒரு நீள டெக்னிக் அச்சை முதுகெலும்பாக விட்டோம். இல்லாவிட்டால் நாளாக ஆக இணைப்பு தளர்ந்து சாயும். அடுத்து பாரம். மூக்கில் கண்ணாடியும் கம்பியும்தான், எடையே இல்லை. பின்னால் எஞ்சினும் வாலும். வைத்தவுடன் பின்பக்கம் குந்திவிட்டது. தொண்ணூறுகளில் வந்த கனமான ஐந்து ரூபாய் நாணயம் 9 கிராம், 23 மி.மீ. அகலம். மூன்று குமிழ் அகலம் 24 மி.மீ. விமானி இருக்கைக்கு அடியில் மூன்றுக்கு மூன்று குழி விட்டு நாலு நாணயம் அடுக்கினோம். மூன்று சக்கரமும் தரையில் பதிந்து நிற்கிறது.

முழுக்கக் கணினியில் வடிவமைத்துவிட்டுக் கட்டுவதா, கையாலேயே கட்டிப்போவதா என்றும் கேட்பார்கள். லெகோ உதிரிக் கட்டைகளை விற்கும் இணையச் சந்தையான பிரிக்லிங்கின் ஸ்டுடியோ மென்பொருள் இலவசம். எந்தத் துண்டு எந்த நிறத்தில் இருக்கிறது, மொத்தம் எத்தனை வேண்டும் என்று பட்டியல் போட அதற்கு நிகர் இல்லை. ஆனால் மூக்கையும் வாலையும் கையில் கட்டிப் பார்த்த பிறகுதான் அதில் ஏற்றினோம். எங்கள் வால் திரையில் ஒருநாளும் தொங்கவில்லை, தரையில்தான் தொங்கியது.

பசை போடவில்லை. போடவும் கூடாது என்பது என் கட்சி. அம்மான் எஞ்சினைப் பார்த்துவிட்டு "இந்தக் குழாய் இப்படி வராதுப்பா" என்று கழற்றி மாட்டுவார். அவருக்கு அந்த வசதி இருக்க வேண்டும். மூவண்ண வட்டத்தை ஸ்டிக்கராக அச்சடித்து 16 மி.மீ. வட்ட டைலில் ஒட்டியிருக்கிறோம். வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. வைக்கும் இடம் வளவு வாசல் ஓரமாக வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நேர் வெயில் பட்டால் வெள்ளையும் சாம்பலும் மஞ்சளடிக்கும். இரண்டாம் கட்டில் கண்ணாடி அலமாரி ஒன்று காலியாக இருக்கிறது.

ஆயுதம் எதுவும் மாட்டவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலில் சிக்கிக் கிடந்தவர்களுக்கு ஹெலிகாப்டரில் சாப்பாடு போனதை நாங்கள் எல்லோரும் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அம்மான் எழுந்து போய்ச் சுவரில் இருந்த படத்தைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதை நினைத்துத்தான் பக்கவாட்டில் ஒரு மீட்புக் கயிறு வைத்து, நுனியில் ஒரு பொம்மை ஆளைத் தொங்கவிடுவது என்று முடிவு செய்தோம்.

இனி மிச்சம் மூக்கின் உயரம். படத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அம்மான் அதில் நேராக நிற்கிறார். அவர் உயரம் சரியாகத் தெரிந்தால் அவர் கைவைத்திருக்கும் இடத்தின் உயரமும் தெரிந்துவிடும், அதை நாற்பதால் வகுத்தால் போதும். அம்மானின் மனைவி அம்மாமிண்டியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறோம். சாந்திக்குச் சட்டை தைக்க அளவு எடுக்கும் சாக்கில், வெள்ளிக்கிழமை டெய்லரை வீட்டுக்கு வரச்சொல்லியிருக்கிறார்.